கறுஞ்சேற்றில் ஒரு துருக்கோடு

மாசி மகத்தன்று இரவு சிங்கமுகக் காளியம்மனின் மிதவைத் தேர் விளக்குகளோடு மலேசியாவின் பினாங்குத் தீவில் தெலுக் பஹாங் கடலில் மிதந்து சென்றதைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு, அன்றிரவு சித்தப்பா வீட்டிலேயே தங்கிய நான், மறுநாள் விடிகாலையில் அவரோடு தூண்டில் புழு தோண்டச் சென்றேன். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால், நீர் மற்ற நாள்களைவிட அதிகமாக ஏறி அதே அளவுக்கு அதிகமாக வற்றும். அன்று காலை மீன்பிடிப் படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க, அவற்றுக்கு அப்பால் வெகுதூரத்துக்குச் சேறு மட்டுமே பளபளத்துக்கொண்டிருந்தது. சேற்றில் எங்கு பார்த்தாலும் பென்சில் முனையளவுத் துளைகள். நான் கண்ணில் பட்ட துளையையெல்லாம் தோண்டத் தொடங்கியதைப் பார்த்த சித்தப்பா, "செம்மண் நெறத்துல இருக்குற ஓட்டையப் பாத்துத் தோண்டு தம்பி, கறுப்பு ஓட்டையில ஒன்னும் இருக்காது" என்றார்.

நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர் சொன்ன அந்த ஒரு வரியை அப்போது ஒரு கைப்பழக்கக் குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் மண்வெட்டியால் ஒரு பாளம் சேற்றைப் புரட்டிக் காட்டியபோதுதான் அதன் பொருள் புரிந்தது. மேலே விரல்நகத்தின் தடிப்புக்குப் பழுப்பு. அதற்குக் கீழே அடுப்புக்கரி போன்ற கறுப்பு, அழுகிய முட்டையின் நாற்றத்தோடு. அந்தக் கறுப்பின் நடுவே, துளை இறங்கிய பாதை முழுவதிலும், துருப்பிடித்த ஆணியைச் செருகி எடுத்ததுபோல ஒரு செம்பழுப்புக் கோடு வளைந்து சென்றது. கோட்டின் முடிவில் என் சுண்டுவிரல் நீளத்தில், முதுகில் சிவப்பு இரத்தக்குழாய் ஓடுவது வெளியே தெரியும்படி, ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

பினாங்கின் தூண்டில்காரர்கள் இதை மலாய்ச் சொல்லாலேயே பும்புன் என்கிறார்கள். உயிரியல் பாடநூல்களில் நாம் 'நீரிஸ்' என்ற பெயரில் படித்த புழுவின் நெருங்கிய உறவு இது. தூண்டில் டப்பாவில் இறந்து கிடந்த ஒன்றின் தொண்டைப் பகுதி வெளியே பிதுங்கியிருந்ததைக் கைலென்ஸால் பார்த்தபோது, அதன் ஓரத்தில் குறுக்குக் கம்பி போன்ற பற்கள் தெரிந்ததால் பெரினெரீஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டேன். இந்தப் புழுக்கூட்டம் முழுவதற்கும் 1850-இல் அடால்ஃப் எட்வார்ட் குரூபே என்பவர் வைத்த பெயர் பாலிகீட்டா. அதைத் தமிழில் பல்சுணைப்புழு என்று எழுதுகிறார்கள், அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கரும்புத் தோகையைக் கையால் உருவினாலோ மூங்கில் குருத்தைத் தொட்டாலோ கண்ணுக்குத் தெரியாமல் தைக்கும் மயிரைத்தானே நாம் சுணை என்கிறோம். இந்தப் புழுவின் ஒவ்வோர் உடல் வளையத்திலும் இருபுறமும் துடுப்பு போன்ற ஒரு சதைக்கால் இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் கற்றை கற்றையாகச் சுணைகள். நண்டின் ஓட்டுக்கும் வண்டின் சிறகுறைக்கும் மூலப்பொருளான கைட்டின்தான் இந்தச் சுணைகளுக்கும் மூலப்பொருள். ஒவ்வொரு சுணையையும் ஒரேயொரு செல், தன் மேற்பரப்பில் உள்ள நுண்விரல்களைச் சுற்றிக் கைட்டினை ஊற்றி ஊற்றி, நுனியிலிருந்து அடிவரை வளர்த்துத் தள்ளுகிறது. நுண்விரல்கள் இருந்த இடங்கள் சுணைக்குள் மெல்லிய குழாய்களாகவே எஞ்சி நிற்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். நீரிஸ் வகையின் சுணைகள் பல, நடுவில் மூட்டு வைத்தவை. நுனித்துண்டு மடங்கும், வளையின் சுவரைப் பற்றும், மீண்டும் நிமிரும். சேற்றுக்குள்ளிருந்து இழுத்தால் புழு பாதியில் அறுந்து வருகிறதே என்று தூண்டில்காரர்கள் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இந்த நூற்றுக்கணக்கான மூட்டுச் சுணைகள் சுவரை விடாமல் பிடித்திருப்பதுதான்.

அன்று தோண்டியவற்றில் இரண்டை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு விரற்கடை இடைவெளியில் ஒட்டி மெல்லிய தொட்டி ஒன்று செய்தேன். அதே கரையிலிருந்து வாளியில் எடுத்துவந்த கறுஞ்சேற்றை அதில் நிரப்பி, மேலே கடல்நீர் விட்டு, மீன்தொட்டிக் காற்றுக் குழாயையும் செருகினேன். பாயான் லெப்பாஸ் அடுக்ககத்தின் சமையலறை மேடையில் சேற்று நாற்றத்தோடு அது மூன்று வாரம் இருந்தது. வீட்டில் இதற்குக் கிடைத்த எதிர்ப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆனால் முதல் வாரம் முடிவதற்குள் எதிர்த்தவர்களே இரவில் சிவப்பு விளக்கோடு தொட்டியின் முன்னால் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் வியக்க வைத்தது அது தோண்டிய விதம். புழு சேற்றைத் தின்று வழி செய்யும், அல்லது மண்ணைத் துளைப்பதுபோலத் துளைக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். அது அப்படிச் செய்யவில்லை. தலையைச் சேற்றில் பதித்து, உள்ளே மடிந்திருக்கும் தொண்டையை ஒரே மூச்சில் வெளியே பிதுக்கியது. தலைக்கு முன்னால் சேற்றில் மெல்லிய பிளவு ஒன்று ஓடியது. புழு அந்தப் பிளவுக்குள் உடலை நுழைத்து, மீண்டும் பிதுக்கியது. கெல்லி டோர்கனும் பீட்டர் ஜுமார்ஸும் மற்றவர்களும் 2005-இல் நேச்சர் இதழில் இதைத்தான் விளக்கியிருந்தார்கள். ஈரச் சேறு மணலைப்போலச் சரிவதோ களிமண்ணைப்போல நசுங்குவதோ இல்லை. ஓர் எல்லைவரை மீள்தன்மையோடு தாங்கி, அந்த எல்லையைத் தாண்டினால் பிளக்கிறது. ஜெலட்டின் கட்டியைச் சேற்றுக்குப் பதிலாக வைத்து, அதில் நீரிஸ் வகைப் புழுவை விட்டு அவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். நம் வீட்டு அகர் அகரில் கரண்டியின் விளிம்பை அழுத்தும்போது, கரண்டி போய்ச் சேரும் முன்பே அதற்கு முன்னால் ஒரு கோடு பிளந்து ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். புழு செய்வது அதுவே. விறகு பிளப்பவன் ஆப்பை அடித்து இறக்குவதுபோலத் தன் தொண்டையையே ஆப்பாக்கிக்கொள்கிறது. எலும்பில்லாத, ஓடில்லாத, சுண்டுவிரல் நீளத்துச் சதை ஒன்று அவ்வளவு இறுகிய சேற்றுக்குள் ஒரு மணி நேரத்தில் மறைந்துபோவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கண்ணாடியை ஒட்டி ஒரு வளை தெளிவாகத் தெரிந்தது, மேலே இரண்டு வாய்களோடு, கீழே ஒன்றாகச் சேர்ந்து. புழு அதற்குள் உடலை மேலும் கீழும் அலையலையாக வளைத்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் அலை, பிறகு ஓய்வு, மீண்டும் அலை. மேல்நீரில் ஒரு சொட்டுப் பால் விட்டுப் பார்த்தேன். ஒரு வாயில் அது உறிஞ்சப்பட்டு, சற்று நேரத்தில் மறு வாயில் வெள்ளைப் புகைபோல வெளியேறியது. தான் குடியிருக்கும் குழாயின் வழியே கடலைப் பாய்ச்சிக்கொள்வதற்காகவே இந்த அலைகள்.

ஏன் பாய்ச்ச வேண்டும் என்பதற்கான விடை அந்தக் கறுப்பு நிறத்தில் இருக்கிறது. அலையாத்திக் காடும் ஆறுகளும் கொண்டுவந்து சேர்க்கும் இலைத் துகளும் பாசித் துகளும் சேற்றில் படிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலிருந்து இறங்கும் ஆக்சிஜனை மேலே உள்ள சில மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. முட்டை நாற்றம் அதனுடையது. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் இரும்பு சல்ஃபைடுதான் அந்தக் கறுப்பு. பெரும்பாலான விலங்குகளுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சு, இந்தப் புழுவுக்கும் நஞ்சே. நஞ்சுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டதால், தன் மூச்சைத் தானே உள்ளே வரவழைக்க வேண்டியிருக்கிறது.

வரும் ஆக்சிஜனை ஒரு துளியும் தவறவிடாமல் பிடிப்பதற்கு அதன் இரத்தம் தகுந்திருக்கிறது. நீரிஸ் வகைக்குத் தனியாகச் செவுள் இல்லை. இரத்தக்குழாய் நிறைந்த அந்தச் சதைக்கால்களே செவுளாகவும் உதவுகின்றன. இரத்தம் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபினால் சிவந்தது. ஆனால் நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்க, புழுவின் ஹீமோகுளோபின் இரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. நம் மூலக்கூறு ஒன்றில் நான்கு குளோபின் சங்கிலிகள். இவற்றின் மூலக்கூற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை, அறுகோண வடிவில் இரண்டு அடுக்காக அடுக்கப்பட்டிருக்கும். இதே வகை ஹீமோகுளோபினைக் கொண்ட அரெனிகோலா என்ற மணற்புழுவிடமிருந்து அதைப் பிரித்தெடுத்து, மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் சிறுநீரகங்களைக் கெடாமல் வைத்திருக்க பிரான்சில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

நான்காம் நாள், நான் காத்திருந்தது நடந்தது. கண்ணாடியை ஒட்டிய வளையின் இருபுறமும் கறுப்பு மங்கி, முதலில் சாம்பலாகி, பிறகு செம்பழுப்பாக மாறத் தொடங்கியது. வளையின் சுவரைத் தாண்டிக் கசிந்த ஆக்சிஜன் இரும்பு சல்ஃபைடைச் சிதைத்து இரும்பைத் துருவாக மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் அந்த விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வளர்ந்தது. சித்தப்பாவின் செம்மண் ஓட்டை என் சமையலறையில் உருவாகிவிட்டது.

இந்தத் துருக்கோட்டை அலங்காரம்போலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஆக்சிஜன் உள்ள சேறும் இல்லாத சேறும் சந்திக்கும் எல்லை, சாதாரணமாகத் தரையை ஒட்டிய ஒரே ஒரு படுக்கைத் தளம். புழு வளை தோண்டும்போது அந்தத் தளத்தைச் சுருட்டிக் குழாயாக்கி ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. எல்லையின் ஒரு பக்கத்து பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக்க, மறுபக்கத்து பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. ஊரிலிருந்து சாக்கடையும் உரநீரும் கொண்டுவரும் நைட்ரஜனில் ஒரு பங்கு கடலில் தேங்காமல் வெளியேறுவது இந்தக் குழாய்ச் சுவர்களில்தான். ஒரு புழுவின் வளை சிறியது. தெலுக் பஹாங்கில் அன்று என் காலடியில் மட்டும் எத்தனை துளைகள் இருந்தன என்று எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

இரவுகளில் அது உண்பதைப் பார்த்தோம். மீன் உணவு உருண்டை ஒன்றைத் தொட்டியில் போட்டால், வாலை வளைக்குள் ஊன்றிக்கொண்டு பாதி உடலை வெளியே நீட்டி, தலையிலுள்ள உணர்விழைகளால் தரையைத் தடவித் தேடும். தலையில் நான்கு கண்கள், இரண்டு உணர்கொம்புகள், பருத்த இரண்டு தடவுறுப்புகள், அவற்றுக்குப் பின்னால் இழை இழையாக நீண்ட மீசைகள். உருண்டை அகப்பட்டதும் தொண்டை வெளியே பாயும். அதன் நுனியில் அரிவாள் போன்ற இரண்டு தாடைகள் கவ்வும். எல்லாம் உள்ளே மடிந்துகொள்ள, புழு உணவோடு வளைக்குள் மறையும். அந்தத் தாடையில் நம் பல்லில் இருப்பதுபோலக் கனிமப் படிகம் கிடையாது. அது புரதத்தால் ஆனது, ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் நிறைந்த புரதம். அந்தப் புரத இழைகளைத் துத்தநாக அயனிகள் ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன. துத்தநாகத்தை நீக்கினால் தாடை மென்மையாகிவிடும். இன்னொரு குடும்பமான கிளைசெரா வகையோ இதே வேலைக்குச் செம்பைப் பயன்படுத்துகிறது.

தொட்டியின் மேல் என் கையின் நிழல் விழுந்தால் புழு கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் நெடுக ஓடும் பருத்த நரம்பிழைகள் அந்த வேகத்தைத் தருகின்றன. ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை நிழலைக் காட்டிக்கொண்டே இருந்தால், பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு அது அசைவதில்லை. ஆபத்தில்லாத நிழல் என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆர். பி. கிளார்க் என்பவர் 1960-இல் நீரிஸ் புழுக்களிடம் இதை முறையாக அளந்து எழுதியிருக்கிறார். அதைச் சமையலறையில் திரும்பச் செய்து பார்த்த என் அக்கா மகள், பதினான்காம் முறையில் புழு நகராமல் நின்றபோது, "மாமா, அது என்னைத் தெரிஞ்சிக்கிச்சு" என்றாள். நிழலைத் தெரிந்துகொண்டது என்று திருத்தினேன், அவள் ஏற்கவில்லை.

இங்கே ஒரு கிளைச்செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தூண்டில் புழுவுக்கும் நெல்வயலுக்கும் உள்ள உறவை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. ஜப்பானில் லும்பிரிகோநெரைஸ் என்ற சுணைப்புழுவைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தியவர்கள், செத்த புழுவின் மேல் உட்காரும் ஈக்கள் செயலற்று விழுவதைக் கவனித்திருந்தார்கள். அந்த நஞ்சை 1934-இல் நிட்டா என்பவர் பிரித்தெடுத்து நெரைஸ்டாக்சின் என்று பெயரிட்டார். அதன் அமைப்பைப் பின்பற்றி 1960-களில் உருவாக்கப்பட்ட பூச்சிக்கொல்லிதான் கார்டாப். நெற்பயிரின் தண்டுதுளைப்பானுக்குத் தஞ்சாவூர் உழவர்களும் தெளிக்கும் அதே மருந்து.

புழுவின் வாழ்க்கையில் வளையை விட்டு முழுமையாக வெளியேறும் ஒரே ஒரு தருணம் உண்டு. முதிர்ச்சி நெருங்கும்போது அதன் உடலே வேறோர் விலங்கின் உடலாக மாறுகிறது. கண்கள் பெரிதாகின்றன, குடல் சுருங்கிப் பயனற்றுப்போகிறது, பின்பாதிக் கால்கள் அகன்று, பழைய சுணைகள் உதிர்ந்து, துடுப்பு வடிவில் புதிய சுணைகள் முளைக்கின்றன. பிறகு ஓர் இரவில் எல்லாம் சேர்ந்து நீரின் மேற்பரப்புக்கு நீந்தி வந்து, வட்டமிட்டுச் சுழன்று, முட்டையையும் விந்தையும் நீரில் கலந்துவிட்டு இறந்துபோகின்றன. எந்த இரவு என்பதை நிலவு தீர்மானிக்கிறது. இந்தக் குடும்பத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது மத்தியதரைக் கடலில் கடற்பாசிகளுக்கிடையே பட்டுக்குழாய் நெய்து வாழும் பிளாட்டினெரீஸ் டுமெரிலி என்ற சிறு புழு. கார்ல் ஹாவன்ஷில்ட் என்ற ஜெர்மானியர் 1950-களிலிருந்து அதை ஆய்வகத்தில் வளர்த்து, மாதத்தில் சில இரவுகள் மங்கலான விளக்கு எரியவிட்டாலே போதும், புழுக்கள் அதை நிலவாக ஏற்று நாள் கணக்கிடுகின்றன என்று காட்டினார். பகல் வெளிச்சத்தையும் நிலவொளியையும் பிரித்தறிய அதற்கு உதவும் எல்-கிரை என்ற புரதத்தின் செயலை வியன்னா ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2022-இல் விளக்கியது. அந்தப் புழுவின் கருவுற்ற முட்டை ஒரே நாளில் மயிரிழைகளால் சுழன்று நீந்தும் பம்பர வடிவ இளவுயிரியாகிறது. மூன்று நாளில் மூன்று வளையங்களும் சுணைகளும் வந்துவிடுகின்றன.

இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் மக்கள் பிப்ரவரி அல்லது மார்ச்சில், நம் மாசி மாதத்தை ஒட்டி, விடியும் முன்பே கடற்கரையில் கூடி ஞாலே என்ற கடற்புழுவை வலையால் அள்ளுகிறார்கள். அது நீரிஸுக்குத் தூரத்து உறவான வேறொரு சுணைப்புழுக் குடும்பம். வளையைவிட்டு வருவது அதன் பின்பாதி மட்டுமே. மண்டலிகா என்ற இளவரசி தனக்காக அரசர்கள் போரிட்டுச் சாகக் கூடாதென்று கடலில் குதித்தாள், அவளே ஆண்டுக்கொருமுறை புழுவாகத் திரும்பி வருகிறாள் என்பது அவர்கள் கதை. இங்கே நாம் மிதவைத் தேர் பார்க்கும் அதே பருவத்தில், சில கடல்களுக்கு அப்பால் இன்னொரு கூட்டம் இடுப்பளவு நீரில் புழுவுக்காகக் காத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பினாங்கில் இந்தப் புழு வாழும் இடம் மிகவும் குறுகலானது. நீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் அந்த நடுப்பட்டைச் சேறுதான் அதன் உலகம். தெலுக் பஹாங் விரிகுடா, பெருநிலத்தில் தெலுக் ஆயர் தாவார் தொடங்கி கோல மூடா வரையிலான கரை, முதல் பினாங்குப் பாலத்துக்கருகே கடற்புற்கள் வளரும் நடுத்திட்டு ஆகியவை இன்னும் எஞ்சியிருக்கின்றன. தெலுக் ஆயர் தாவாருக்குச் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை சைபீரியப் பக்கமிருந்து வந்திறங்கும் பவளக்காலி உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவைகளான கோட்டான்களும் சேற்றில் அலகைச் செருகித் தேடுவது இவ்வகைப் புழுக்களைத்தான். கெர்னி டிரைவ் கடற்கரைச் சாலையின் சுவரில் அமர்ந்து, நீர் வற்றிய சேற்றில் நாரைகள் நடப்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்; அதே இடத்தில் இப்போது மண் கொட்டி நிலம் ஆக்கப்பட்டிருக்கிறது. காங்கிரீட்டின் கீழ்ச் சேற்றில் நீர் ஏறி வற்றுவதில்லை. சேற்றை வெறும் அழுக்காகவும் நாற்றமாகவும் பேசும் பேச்சைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்த நாற்றத்தைப் பட்டை பட்டையாகப் போக்கிக்கொண்டிருக்கும் விலங்கை நான் இரண்டு வாரம் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த அமாவாசையை ஒட்டிய வற்றத்தில் இரண்டு புழுக்களையும் தெலுக் பஹாங்குக்கே கொண்டுபோய், ஈரம் மின்னும் இடமாகப் பார்த்து விட்டேன். முதலாவது உடனே தலையைப் பதித்தது. இரண்டாவது சற்று நேரம் தன் மீசைகளால் சேற்றைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அதுவும் இறங்கியது. சித்தப்பா எதுவும் சொல்லாமல் மண்வெட்டியை வேறு பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு தொட்டியை நான் உடனே கழுவவில்லை. காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நீர் தெளிவாக இருந்தது, வளையும் இடிந்துவிழாமல் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் துருக்கோட்டின் அடிப்பகுதி சாம்பல் நிறமானது. ஐந்தாம் நாள் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. எட்டாம் நாள் காலையில் கண்ணாடி முழுவதும் ஒரே கறுப்பாக இருந்தது. வளையின் வாயருகே மட்டும் நகக்கண் அளவுக்குப் பழுப்பு எஞ்சியிருந்தது.